சாமி குத்தமா, ரத்தக் குத்தமா

ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தச் சேர்ந்தேன். போன முதல் வாரமே பாடப்புத்தகத்தின் கடைசிப் பாடத்தைத் திறக்கச் சொன்னால், பிள்ளைகளால் திறக்க முடியவில்லை. மூத்த வகுப்புக்காரர்களிடம் வாங்கிய பழைய புத்தகங்கள். அத்தனையிலும் அந்தப் பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. மழையில் நனைந்து ஒட்டியது என்று நினைத்தேன். இல்லை. எனக்கு முன்னால் இருந்த டீச்சர் பசை தடவி ஒட்டச் சொல்லியிருக்கிறார். தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டுகிற பசை எங்கள் பக்கம் பாதி வீடுகளில் சட்டியோடு இருக்கும். பிள்ளைகளும் குஷியாக ஒட்டிவிட்டார்கள். உயிர்கள் எப்படி உண்டாயின, ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி மாறி மாறி வந்தது என்று சொல்கிற பாடம் அது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அன்று சாயங்காலமே ஒரு புத்தகத்தை வாங்கிவந்து, கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டிப் பக்கம் பக்கமாகப் பிரித்தேன். மறுநாள் மீன், தவளை, பல்லி, எலி, குரங்கு, மனிதன் என்று கரும்பலகை நிறையப் படம் போட்டு நடத்தினேன். ஐந்து நாள் நடத்தினேன். ஆறாம் நாள் வத்தல் வியாபாரி ஒருவர் தலைமையாசிரியை அறைக்கு வந்து, "குரங்கைத் தாத்தான்னு கும்புடச் சொல்லிக் குடுக்கிறதுக்கா நாங்க பள்ளிக்கூடம் கட்டி விட்டிருக்கோம்?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு விட்டார். "பரீட்சையில ரெண்டு மார்க்குக் கேள்விதான் வரும். ரெண்டு மார்க்குக்கு உள்ளதை மட்டும் நடத்துங்க" என்றார்.

"ரெண்டு மார்க்குக்கு எம்புட்டு உண்மை சொல்லலாம்னு நீங்களே அளந்து குடுத்துருங்க டீச்சர்" என்றேன்.

எனக்கு வாய் நீளம். என் அம்மா அதைச் சொல்லாத நாள் கிடையாது. தலைமையாசிரியை நல்லவர். வெளியே போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார், அவ்வளவுதான்.

என்னைக் காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது என் தாய்மாமன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவின் ஒரே தம்பியான மாமாதான் எங்கள் வீட்டைத் தாங்கினார். விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். என் அக்காவுக்குப் பதினாறு வயதானதும், முறைப்படி அவரே அவளைக் கட்டிக்கொண்டார். தாய்மாமன் இருக்க வெளியே மாப்பிள்ளை பார்ப்பது எங்கள் பக்கம் தாய்மாமனை அவமானப்படுத்துவது மாதிரி. அக்காவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கு மாமா என்றால் உயிர். மாமாவும் அவளைத் தங்கத் தாம்பாளத்தில் வைத்துத்தான் தாங்கினார். அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மாமா அக்காவைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். குரங்கு விவகாரம் அவர் காதுக்கும் போயிருந்தது. கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பிப்பார்.

"ஏத்தா, குரங்குல இருந்துதான் மனுசன் வந்தான்னா, மிச்சக் குரங்கெல்லாம் ஏன் இன்னும் மரத்துல தொங்குது? லீவு போட்ருக்கா?"

"குரங்குல இருந்து வரலை மாமா. நம்மளும் குரங்கும் பங்காளிக. ரொம்ப ரொம்ப முந்தி ஒரே தாத்தா."

"பங்காளியா? அப்ப கம்பெனியில பங்கு கேட்டு வந்துருமே!"

வீடே சிரிக்கும். எனக்கு மூக்கு நுனி சிவக்கும். ஆனால் மாமா வெறும் கேலிக்காரர் இல்லை. சிரித்து முடித்ததும் நிஜமாகவே கேட்பார். ஈயின் கண்ணை யார் செய்தது, தாய்ப்பாலைக் குடிக்கப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். பிறக்கிறதெல்லாம் ஒன்றுபோல் இருக்காது, தற்செயலாகக் கொஞ்சம் கொஞ்சம் மாறிப் பிறக்கும், இடத்துக்குப் பொருந்துகிறது பிழைக்கும், பொருந்தாதது கழிந்து போகும் என்பேன்.

"கழிஞ்சு போகுமா? கழிச்சுக் கட்டுறது யாரு?"

"யாரும் இல்லை மாமா. தானா."

"சரி, அந்தத் தற்செயல்ங்கிறியே, அதைச் செய்றது யாரு?"

தற்செயல் என்றால் யாரும் செய்யாதது என்றுதான் அர்த்தம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமா கையைக் கழுவிக்கொண்டே, "அதைத்தான் நாங்க சாமிங்கோம்" என்றார். அம்மா முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்! தோற்ற ஆத்திரம் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு ஆறவில்லை.

அக்காவின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும்.

மூத்தவன் பிறந்தபோது நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதப் பிள்ளையை ஆனைக்குட்டம் பக்கம் இருந்த எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு ஆடிப் பொங்கலுக்குத் தூக்கிப் போனார்கள். லீவுக்கு வந்த நானும் போயிருந்தேன். எங்கள் பக்கத்து வெடிக்காரர்கள் கோயிலில் வேட்டுப் போட்டால் சும்மா ஒன்றிரண்டு போடமாட்டார்கள். அவரவர் கம்பெனிச் சரக்கை அம்மனுக்கு முன்னால்தான் காட்டுவார்கள். பூமி அதிர்ந்தது. இடுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வீறிட்டன. ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அக்கா மடியில் கிடந்த எங்கள் பிள்ளை மட்டும் தூங்கியது. கைவிரல்கூட அசையவில்லை.

"பாருய்யா! வெடிக்காரன் வித்துய்யா!" என்று யாரோ கத்தினார். கூட்டமே வந்து பார்த்தது. கோயில் பூசாரி பிள்ளையின் நெற்றி நிறைய திருநீறு பூசி, "இது ஆத்தா குடுத்த தைரியம், இவன் உங்க தொழிலை ஆளப் போறான்" என்றார். மாமா பிள்ளையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னும் இரண்டு பெரிய வெடியைப் போடச் சொன்னார். அப்போதும் அது விழிக்கவில்லை. கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். காலேஜில் தவளையை அறுத்துக் காது நரம்பு பார்த்தவள் நான். எனக்கும் தோன்றவில்லையே!

வேறு ஊரில் என்றால் ஒருத்திக்காவது பகீர் என்று இருந்திருக்கும். எங்கள் ஊரில் வெடிக்குப் பயப்படாத பிள்ளை என்றால் அது வரம். இரண்டு வயது தாண்டியும் அவன் ஒரு வார்த்தை பேசாதபோதுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிறவிச் செவிடு என்றார்.

இரண்டாவது பெண். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் பிறந்தது. மூன்று மாதம் ஆனதும் அக்கா எனக்கு ஆள் சொல்லி விட்டாள். சனிக்கிழமை மத்தியானம் விஸ்வநத்தம் போனேன். மாமா கம்பெனியில் இருந்தார். அக்கா கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஓலைவெடி மூன்றை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"நீ கொளுத்து. என்னால ஆகாது."

"என்னக்கா இது, பச்சைப் பிள்ளைகிட்ட..."

"ஏட்டி, கொளுத்துன்னா கொளுத்து. தள்ளி வச்சுக் கொளுத்து. எனக்குத் தெரிஞ்சாகணும்."

துவைகல்லின் அந்தப் பக்கம் வைத்துக் கொளுத்தினேன். வெடித்தது. வேலிமேல் இருந்த காக்கைகள் எழும்பிப் போயின. பிள்ளை கையை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இன்னொண்ணு போடு" என்றாள் அக்கா. போட்டேன். "இன்னொண்ணு." அதையும் போட்டேன். அப்புறம் அவள் "போதும்" என்றாள். விளக்குமாற்றை எடுத்து, சிதறிக் கிடந்த ஓலைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கூட்டி அள்ளினாள். அழவில்லை. நான்தான் அழுதேன். என்னைப் பார்த்து, "அவுககிட்ட நீ சொல்லாதே, நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

மாமா அதற்குப் பிறகு சிரிப்பது குறைந்து போனது. அந்த ஆடிக்குச் சாமியாடி மேல் சாமி வந்து இறங்கி, "வீட்டுல குத்தம் இருக்குடா. உன் முப்பாட்டன் ஆத்தாவுக்கு நேந்த நேர்ச்சை நிக்குது. புருசனும் பொண்டாட்டியும் சேந்து மூணு பங்குனிக்கு அக்கினிச்சட்டி எடுங்க, ஆத்தா கண்ணைத் திறப்பா" என்று சொல்லிவிட்டது. மாமாவும் அக்காவும் மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக விரதம் இருந்து, விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குச் சட்டி எடுத்தார்கள். நெருப்புச் சட்டியை ஏந்தி இருவரும் ஒன்றாக நடந்து வந்ததைத் தெருவில் நின்று பார்த்தேன். அக்கா கையில் கொப்பளம் வந்தது. அன்று சாயங்காலம் மாமாவே வெண்ணெய் எடுத்து அதற்குத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. முட்டாள்தனம் என்று அம்மாவிடம் கத்தினேன். "சாமி குத்தமும் இல்லை, முப்பாட்டன் குத்தமும் இல்லை. ரத்தக் குத்தம். மாமனே மருமகளைக் கட்டினா, பரம்பரையில ஒளிஞ்சு கிடக்கிற கோளாறு ரெண்டு பக்கமும் ஒண்ணாச் சேந்துரும். அதான் இப்படிப் பெறக்குது. நெருப்பைத் தூக்கினா சரியாயிருமா?"

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே அந்தப் பேச்சை எடுத்தார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அவர் கம்பெனியில் காவலுக்கு இராஜபாளையத்து வெள்ளை நாய் ஒன்று கிடந்தது. அதற்குக் காது கேட்காது. வெடி வெடித்துப் பார்க்கும்போது மற்ற நாய்கள் மிரண்டு ஓடிவிடும், இது இடத்தைவிட்டு நகராது என்று ஆசைப்பட்டே அதை வாங்கியிருந்தார். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

"அந்த நாய் ஏன் மாமா செவிடு?"

"சுத்த வெள்ளை வேணும்னு அண்ணன் தங்கச்சியையே இணை சேப்பாங்க. அதுல பாதிக் குட்டி செவிடாப் போயிரும். வளக்கிறவன் எல்லாருக்கும் தெரியும்."

"வெளிய இருந்து வேற நாயைச் சேத்தா?"

"கேக்கும்" என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், அன்று என் பக்கம் ஜெயித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஐயோ, என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது!

இரண்டாவது பங்குனியும் சட்டி எடுத்தார்கள். மூன்றாவதுக்கு நாலு மாதம் இருக்கும்போது அம்மாவின் பெரியப்பா காலை நேரத்தில் எங்கள் வீட்டுக்கு ஆள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். குடும்பத்தில் அப்போது அவர் வைத்ததுதான் சட்டம். ஐந்தாறு ஆம்பிளைகள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மாமா சுவரோரமாக இருந்தார். அம்மாவும் அக்காவும் அடுப்படிக் கதவு நிலையில் நின்றார்கள். கம்பெனிக்கு ஒரு வாரிசு வேண்டும், இப்படியே விட்டால் வம்சம் நின்றுவிடும், மாமாவுக்கு இன்னொரு கல்யாணம் பண்ண வேண்டும் என்பதுதான் பேச்சு.

ஒருவர் சட்டம் இரண்டாம் தாரத்தை ஒத்துக்கொள்ளாதே என்றார். சட்டமெல்லாம் சென்னையில் இருக்கு என்றார் பெரியப்பா. இன்னொருவர், "ஆத்தா மூணு வருசம்னு சொல்லிருக்கா. ரெண்டு முடிஞ்சிருச்சு. அதையும் எடுத்து முடிக்கட்டும், பொறுங்க. சாமி குத்தம்னா வேற பொண்ணைக் கட்டினாலும் கூடவேதான வரும்?" என்றார். நியாயம்தான் என்று இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு இப்போது தெரிகிறது, அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த ஒரே பிடி அந்தச் சாமி குத்தம்தான். குற்றம் சாமியுடையது என்றால் அது வீட்டுக்கு, இரண்டு பேருக்கும் சேர்த்து. நோன்பும் சேர்ந்துதான். அவள் வாழ்வதற்கு அதில் இடம் இருந்தது.

மாமா வாயைத் திறந்தார். "இது சாமி குத்தம் இல்லை, ரத்தம்னு நம்ம வீட்டுலயே ஒரு ஆளு சொல்லிக்கிட்டு இருக்கு. படிச்ச பிள்ளை. அதைக் கூப்பிட்டுக் கேளுங்க. அது சொல்ற மாதிரி நான் நடந்துக்கிறேன்."

என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று வருஷமாகக் குரங்கு டீச்சர் என்று என்னைக் கேலி பண்ணிய ஆம்பிளைகள், பீடியை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எதை எழுதாமல் மறைத்தாலும் இதை மறைக்கக் கூடாது: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்காவை நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்பில் நடத்துவது மாதிரி நடத்தினேன். தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு பிள்ளைக்கு வருகிறது, கெட்ட பங்கு ஒன்று மட்டும் வந்தால் வெளியே தெரியாது, இரண்டும் கெட்டதாகச் சேர்ந்தால்தான் தெரியும் என்று விளக்கினேன். வெள்ளை நாயைச் சொன்னேன். அவர்களுக்குப் புரிந்தது. நாய், மாடு, பருத்தி விதை என்று நிலமும் தொழிலும் பார்க்கிறவர்களுக்குப் புரியாமல் என்ன? நான் இவ்வளவு நன்றாக எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

பெரியப்பா கேட்டார். "அப்ப இனிமே இதுக்குப் பெறக்கிறதும் இப்படித்தான் பெறக்குமா?"

இங்கேதான் நான் நிறுத்தினேன். நான் படித்த கணக்கு அதுவல்ல. இரண்டு பேரிடமும் கெட்ட பங்கு ஒன்று ஒளிந்திருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்குதான் செவிடாகிற வாய்ப்பு. மூன்று பங்கு காது கேட்கும். முன்னால் பிறந்தது எப்படி இருந்தாலும் அடுத்ததற்கும் அதே கணக்குத்தான். எனக்கு அது மனப்பாடம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், அந்த நாலில் எது என்று முடிவு பண்ணுவது யார் என்று மாமா கேட்பார். தற்செயல் என்பேன். அதைத்தான் நாங்கள் சாமி என்கிறோம் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாவது சட்டியை எடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

"ஆமா" என்றேன்.

"சொந்தத்துல இல்லாம அசல்ல பொண்ணு எடுத்தா?"

"சரியாயிரும்."

அடுப்படியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அம்மா, "அடி பாவி மகளே" என்றாள். அப்போதுதான் நான் திரும்பினேன். அக்கா அங்கே இல்லை. கொல்லைப் பக்கம் போய்விட்டிருந்தாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "படிச்ச பிள்ளையே சொல்லிருச்சு. பொருந்தாதது கழிஞ்சு போகும்னு அதுக்குப் பாடமே இருக்காமுல்ல" என்றார். அதை மாமாதான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கழிவது என்று நான் மீனையும் தவளையையும் வைத்துத்தான் சொன்னேன் என்று கத்தினேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மாமா ஓடிப்போய் அக்காவைச் சமாதானம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போய், "மாமா, குத்தம் அக்கா ரத்தத்துல மட்டும் இல்லை, உங்க ரத்தத்துலயும் பாதி இருக்கு" என்றேன்.

"எனக்குத் தெரியும்த்தா. நீதான் சொன்னியே, ஒண்ணு மட்டும் வந்தா வெளிய தெரியாதுன்னு" என்றார்.

காரியாபட்டிப் பக்கத்தில் புஞ்சை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பெண் பேசினார்கள். அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை. அவளே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவளுக்கு நாள் தள்ளிப் போயிருப்பது தெரிந்தது. அம்மா விஸ்வநத்தத்துக்கு ஓடினாள். தம்பியின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள். மாமா அழுதாராம். அழுதுகொண்டே, "அதுவும் அப்படித்தானக்கா பெறக்கும்" என்றாராம். பங்குனிக்கு முன்னாலேயே ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டார்கள்.

அந்தப் பங்குனியில் அக்கா மூன்றாவது சட்டியைத் தனியாக எடுத்தாள். ஐந்து மாத வயிறு. புருஷன் இல்லாமல் எடுத்தால் நேர்ச்சை செல்லாது என்று நாலு பேர் சொன்னார்கள். "எனக்குச் செல்லும்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடியது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆவணியில் ஆண்பிள்ளை பிறந்தது. அக்கா அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. எங்களையும் விடவில்லை. தட்டைத் தட்டக் கூடாது, கையைத் தட்டக் கூடாது. வருவது வரட்டும் என்று பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, மற்ற இரண்டுக்கும் கைச்சாடையில் பேசிக்கொண்டு இருந்தாள். நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். அந்த வருஷமும் கடைசிப் பாடத்தை நடத்தினேன். அது பொய்யில்லை, நடத்தாமல் எப்படி விடுவது? ஒரு பிள்ளை எழுந்து சொந்தத்தில் கட்டினால் என்ன ஆகும் டீச்சர் என்று கேட்டது. நாலில் ஒன்று, மூன்று என்று வட்டம் போட்டு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். சுண்ணாம்புக்கட்டி இரண்டு தடவை உடைந்தது.

பிள்ளைக்கு இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமாவின் புதுச் சம்சாரம் முழுகாமல் இருக்கிறது என்று அம்மா யாரிடமோ கேள்விப்பட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "என் தம்பியும் பாவந்தான், என்ன செய்வான்" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வெறி! "உந்தம்பி பாவமா? உந்தம்பியா பாவம்?" என்று வீடு அதிரக் கத்தினேன்.

அக்கா குளிக்கப் போகும்போது பிள்ளையை என் மடியில் விட்டுப் போயிருந்தாள். நான் கத்தியதும் அதன் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. முகத்தைச் சுளித்து, வீல் என்று அழுதது.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மா பிள்ளையின் பின்பக்கம் போய், "ஏ ராசா" என்று மெல்லக் கூப்பிட்டாள். அழுகை நின்றது. கண் அந்தப் பக்கம் போனது. அம்மா அப்படியே தரையில் விழுந்து, "ஆத்தா, கண்ணைத் திறந்துட்டியே" என்று கும்பிட்டாள்.

அக்கா ஈரத் தலையோடு ஓடி வந்தாள். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அக்கா கும்பிடவில்லை. பிள்ளையின் காதுக்குப் பின்னால் தன் நாக்கால் ஒரு முறை சொடுக்கினாள். பிள்ளை திரும்பியது. அக்கா அதன் காதைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"இதுக்குக் கேக்கும்னு உன் படிப்புல இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. நாலுல மூணு பங்கு."

"அன்னைக்கு, அம்புட்டுப் பேரு முன்னால நிக்கும்போது, அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லலை?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையாகக்கூட இருக்கலாம். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"தோத்துருவேன்னு நெனச்சேன்க்கா" என்றேன்.

அக்கா குனிந்து பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். திட்டவில்லை. அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம். அந்தப் பிள்ளையை அவள் அப்புறம் ஒருநாளும் என் கையில் தரவில்லை.